மேசை துடைக்கும் கைகள்



நம் தமிழ் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. “ஒழுங்காகப் படி. இல்லையென்றால் கடையில் மேசை துடைக்கத்தான் போவாய்!” பெற்றோர் சந்திப்பு நாளில், பிள்ளையை அருகில் நிறுத்தி வைத்துக்கொண்டே இதைச் சொல்லும் தாய்மாரையும் தந்தைமாரையும் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். சொல்பவரின் நோக்கத்தில் பிழை இல்லை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் தேய்ந்த கைகள், தம் பிள்ளைகளின் கைகளாவது தேயாமல் இருக்கட்டும் என்று எண்ணுவது இயல்பே.

ஆனால், அந்த வாக்கியம் பிள்ளையின் மனத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. படிப்பின் மீது அச்சம் கலந்த அக்கறையை உண்டாக்குகிறது. கூடவே, மேசை துடைப்பவர் வாழ்க்கையில் தோற்றுப்போனவர் என்றும் கற்பிக்கிறது. முதலாவது சில வாரங்களில் மறைந்துவிடும். இரண்டாவது பல்லாண்டுகள் தங்கிவிடும். அது தங்கிவிட்டால் என்ன கேடு விளையும் என்பதை நான் தெளிவாகக் கண்ட இடம் நம் நாடன்று, ஆஸ்திரேலியா.

2025ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் மெல்பர்ன் நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அங்குள்ள காப்பிக்கடைகளிலும் ஜப்பானிய உணவகங்களிலும் பலமுறை பசியாறும் வாய்ப்புக் கிட்டியது. அந்த மேசைகளில் நான் கண்டதையும் கேட்டதையும் ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வரிசையில் நின்று வாங்கும் காப்பி

மெல்பர்ன் காப்பிக்கடைகள் நம்மூர் மாமாக் உணவகங்களிலிருந்து முற்றிலும் மாறுபட்டவை. காலை ஏழு மணிக்கெல்லாம் திறந்துவிடுகின்றனர். பிற்பகல் மூன்று மணி வாக்கில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மீது ஏற்றிவிடுகின்றனர். நள்ளிரவில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கேட்டுப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். “மாலையில் காப்பி குடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்?” என்று தங்கையிடம் கேட்டேன். “வீட்டிற்குப் போய்க் கலக்கிக் குடிப்பார்கள். கடைக்காரருக்கும் வீடு இருக்கிறதல்லவா அக்கா?” என்றாள்.

பல கடைகளில் முகப்பில் வரிசையாக நின்று, வேண்டியதைச் சொல்லி, பணத்தையும் அங்கேயே கட்டிவிட வேண்டும். எண் பொறித்த சிறு பலகை ஒன்றைத் தருவார்கள். அதை மேசை மீது வைத்துக்கொண்டால் உணவு நம்மைத் தேடி வரும். தண்ணீர்க் குடுவையும் குவளைகளும் ஓர் ஓரத்தில் இருக்கும். நாமே எழுந்து சென்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பியின் பெயர்களை முதல் நாளே பாடம் படிப்பதுபோல் படித்துக்கொண்டேன். சிறு குவளையில் வரும் கடுங்காப்பி ‘ஷார்ட் பிளாக்’. சுடுநீரின் மீது அதை ஊற்றினால் ‘லாங் பிளாக்’. மெல்லிய நுரையுடன் பால் சேர்த்தால் ‘ஃபிளாட் வைட்’. இந்த ஃபிளாட் வைட் தங்கள் நாட்டில்தான் பிறந்தது என்று ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் இன்றளவும் வழக்காடிக்கொண்டிருக்கின்றனர். குழந்தைகளுக்கும் ஒன்று உண்டு. காப்பி கலக்காமல், நுரைத்த பாலைச் சிறு குவளையில் ஊற்றிக் கொக்கோத் தூள் தூவித் தருவார்கள். அதற்குப் பெயர் ‘பேபிசீனோ’.

என் தங்கையின் மகளுக்கு வயது ஐந்து. முகப்பில் நின்ற இளைஞர் என்னையோ தங்கையையோ கேட்கவில்லை. குனிந்து, குழந்தையிடமே “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டார். அவள் தனக்கு வேண்டியதைச் சொல்லி, இறுதியில் ‘ப்ளீஸ்’ சேர்த்துக்கொண்டாள். ஒருநாள் அச்சொல்லை மறந்துவிட்டாள். தங்கை ஒன்றும் பேசவில்லை. காத்துக்கொண்டு நின்றாள். அந்த இளைஞரும் புன்னகையோடு காத்திருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் காத்திருந்தனர். சொல் வந்த பிறகுதான் வரிசை நகர்ந்தது. ஐந்து வயதுக் குழந்தை ஒரு சொல்லைக் கற்பதற்காக முன்பின் அறியாத ஆறேழு பேர் அரை நிமிடத்தைச் செலவிட்டனர். வகுப்பறைக்கு வெளியே நடந்த பாடம் அது.

பரிமாறியவருக்கு அரசு மரியாதை

மெல்பர்னின் காப்பிப் பண்பாட்டைப் பெரிதும் உருவாக்கியவர்கள் குடியேறிகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பெருந்திரளாக வந்தவர்கள் தங்கள் ஊர்க் காப்பியையும் கொண்டு வந்தனர். தேநீர் அருந்திப் பழகிய நகரம் மெல்ல மெல்ல எஸ்பிரெசோவின் பக்கம் திரும்பியது. அமெரிக்கப் பெரு நிறுவனமான ஸ்டார்பக்ஸ் 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கால்பதித்து, 2008இல் 61 கடைகளை மூட நேர்ந்தது என்றால், அந்தச் சிறு கடைகளின் வேர் எவ்வளவு ஆழமானது என்று எண்ணிப் பாருங்கள்.

நகரின் நடுவே பர்க் தெருவில் ‘பெல்லகிரினிஸ்’ என்ற காப்பிக்கடை 1954ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நீண்ட முகப்பும் அதன் எதிரே வரிசையாக முக்காலிகளும் கொண்ட எளிய கடை. இத்தாலியிலிருந்து குடியேறிய சிஸ்டோ மலஸ்பினா என்பவர், தம் நண்பரோடு சேர்ந்து 1974இல் இக்கடையை வாங்கினார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் அந்த முகப்பின் பின்னால் நின்று, வருவோரையெல்லாம் பெயர் சொல்லி வரவேற்றுக் காப்பி கொடுத்தார். 2018 நவம்பர் 9ஆம் நாள் அதே தெருவில் நடந்த தாக்குதலில், எரிந்துகொண்டிருந்த வண்டியின் ஓட்டுநருக்கு உதவப் போனபோது குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 74.

விக்டோரியா மாநிலம் அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடத்தியது. புனித பேட்ரிக் பேராலயத்தில் மக்கள் திரண்டனர். கடையின் வாயில் மலர்க்குவியலால் மறைந்தது. அமைச்சராகவோ படைத்தலைவராகவோ இருந்தவரல்லர் அவர். தம் வாழ்நாளில் காப்பி ஊற்றியவர், தட்டு ஏந்தியவர், மேசை துடைத்தவர்.

அந்தக் கடையின் முன் நின்றபோது, நம் நாட்டில் நாற்பது ஆண்டுகள் தேநீர் ஆற்றிய எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன்.

விலைப் பட்டியலுக்குப் பின்னால்

ஆஸ்திரேலியாவில் வெளியே உண்பது மலிவன்று. வாட்டிய ரொட்டியின் மீது வெண்ணெய்ப்பழத்தை மசித்துப் பரப்பிக் கொடுப்பதற்கு இருபது டாலருக்கு மேல் கேட்கும் கடைகள் பல. 2016ஆம் ஆண்டில் பெர்னார்ட் சால்ட் என்பவர், 22 டாலர் கொடுத்து இதை உண்ணும் இளைஞர்கள் வீடு வாங்கப் பணம் சேர்க்கலாகாதா என்று நாளிதழில் நையாண்டியாக எழுதப்போய், நாடே அதைப் பற்றி விவாதித்தது!

விலை ஏன் இவ்வளவு? வாடகை, மூலப்பொருள் எனக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமானது ஊதியம். 2025 ஜூலை 1 முதல் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் என வரையறுக்கப்பட்டது. நிலையான பணியில் இல்லாமல், தேவைப்படும்போது மட்டும் அழைக்கப்படுவோருக்கு விடுப்பும் மற்ற சலுகைகளும் இல்லை என்பதால், அதன் மேல் 25 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும். கணக்கிட்டால் மணிக்கு 31 டாலரைத் தாண்டுகிறது. வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் உணவகப் பணியாளரின் ஊதியம் இன்னும் கூடும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் பத்து, பதினைந்து விழுக்காடு கூடுதல் கட்டணம் என்று பல கடைகளில் உணவுப் பட்டியலிலேயே அச்சிட்டு வைத்திருக்கின்றனர். அன்பளிப்புப் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பினால் கொடுக்கலாம்.

பணியாளரின் வாழ்க்கை வாடிக்கையாளரின் இரக்கத்தை நம்பியிருக்கவில்லை, சட்டத்தை நம்பியிருக்கிறது. முகப்பில் நின்ற அந்த இளைஞர் தலை நிமிர்ந்து பேசியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றியது.

இதைப் படித்துவிட்டு ஆஸ்திரேலியா சொர்க்கபுரி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சட்டம் எல்லாக் கடைகளின் அடுக்களைக்குள்ளும் நுழைந்துவிடுவதில்லை. அதைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஜப்பானிய மேசையில்

ஆஸ்திரேலியாவில் ஜப்பானியரின் வரலாறு இன்றைய உணவகங்களுக்கு மிக முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் நகருக்கு முத்துச்சிப்பி எடுக்கும் கடல் மூழ்காளர்களாக வந்தனர். வெள்ளையரல்லாதாரைத் தடுக்க 1901இல் குடிநுழைவுச் சட்டம் வந்தபோதும், இவர்கள் இல்லாமல் தொழில் நடவாது என்பதால் முத்துக்குளிப்புக்கு மட்டும் விலக்கு அளித்தனர். புரூமில் உள்ள ஜப்பானியர் இடுகாட்டில் 900க்கும் மேற்பட்டோர் புதைக்கப்பட்டுள்ளனர். ஆழ்கடலின் அழுத்தத்தாலும் சூறாவளியாலும் மாண்டவர்கள் அவர்களுள் பலர். பால்மரக் காட்டில் புதையுண்ட நம் முன்னோரை நினைவூட்டும் செய்தி இது.

இன்றோ, ஜப்பானிய உணவு ஆஸ்திரேலியரின் அன்றாட உணவுகளுள் ஒன்றாகிவிட்டது. பேரங்காடிகள் பலவற்றில் சுசி விற்கும் முகப்பைக் காணலாம். ஜப்பானில் துண்டு துண்டாக நறுக்கித் தரும் சுசிச் சுருளை இங்கே நறுக்காமல் பாதி நீளத்தில் அப்படியே தருகின்றனர். உள்ளே பச்சை மீனைவிட, சமைத்த சூரை மீனும் தெரியாக்கிக் கோழியும் வெண்ணெய்ப்பழமும்தாம் மிகுதி. பள்ளிப் பிள்ளைகள் வாழைப்பழத்தைக் கடிப்பதுபோல் அதைக் கடித்துக்கொண்டே நடக்கின்றனர். சோயா குழம்பை மீன் வடிவ நெகிழிக் குப்பியில் தரும் வழக்கமும் உண்டு. குப்பையாகிக் கடலைச் சேர்கிறது என்பதால் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் 2025 செப்டம்பர் 1 முதல் அந்தக் குப்பியைத் தடை செய்துவிட்டது.

தங்கையின் மகனுக்கு வயது ஒன்பது. அவனுக்குப் பிடித்தது தட்டுகள் நகர்ந்து வரும் சுசி உணவகம். 1958இல் ஒசாகா அருகே யோஷியாக்கி ஷிராயிஷி என்பவர் இதைத் தொடங்கினார். பீர்த் தொழிற்சாலையில் புட்டிகள் நகர்பட்டையில் வரிசையாகச் செல்வதைக் கண்டு, சுசித் தட்டுகளையும் அவ்வாறே அனுப்பினால் பரிமாற ஆள் குறைவாக இருந்தாலும் போதுமே என்று சிந்தித்தாராம். தட்டின் நிறத்திற்கு ஏற்ப விலை. சிறுவன் உண்ட தட்டுகளை நிறவாரியாக அடுக்கி, பெருக்கிக் கூட்டி, பணியாளர் வருமுன்னரே விலையைச் சொல்லிவிட்டான். கணித ஆசிரியர்கள் கவனிக்க!

“ஏன் நிறம் பார்த்து அடுக்குகிறாய்?” என்று கேட்டேன். “அந்த அக்கா எண்ணுவதற்கு எளிதாக இருக்கும், பெரியம்மா” என்றான். பரிமாறும் ஆளை நகர்பட்டை குறைத்துவிடலாம். தட்டை எடுத்துக் கழுவும் கையைக் குறைக்க முடியாது. அச்சிறுவனுக்கு அது தெரிந்திருந்தது.

ஜப்பானியர் உண்டு முடித்ததும் ‘கொச்சிசோசமா’ என்று சொல்வர். விருந்துக்கு நன்றி என்பது அதன் பொதுப்பொருள். அச்சொல்லில் உள்ள ‘சிசோ’ என்பதற்கு அங்குமிங்கும் ஓடுதல் என்பது மூலப்பொருள். இந்த உணவைத் திரட்டிச் சமைத்து என் முன் வைக்க ஓடியாடி உழைத்தவருக்கு நன்றி என்ற கருத்து அச்சொல்லுக்குள் பொதிந்திருக்கிறது. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் நண்பகல் உணவை மாணவர்களே முறை வைத்துப் பரிமாறுகின்றனர். வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் அணிந்து, வகுப்புத் தோழர்களுக்குச் சூப்பும் சோறும் அள்ளி வைக்கின்றனர். உண்டபின் ஒழுங்குபடுத்துவதும் அவர்களே. மருத்துவர் மகனும் கடைக்காரர் மகளும் ஒருநாள் பரிமாறுகின்றனர். மறுநாள் அமர்ந்து உண்கின்றனர்.

நம்மிடம் இது இல்லையா? திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு, அஃது ஒன்பதாவது. செய்ந்நன்றியறிதலுக்கும் ஓர் அதிகாரம் உண்டு, அது பதினொன்றாவது. முன்னது விருந்தளிப்பவரின் கடமையைச் சொல்கிறது. பின்னது உதவி பெற்றவரின் கடமையைச் சொல்கிறது. வகுப்பில் இரண்டையும் வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு மதிப்பெண்களுக்காகக் கற்பிக்கிறோம். உணவு மேசையில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்கின்றன.

அடுக்களையிலிருந்து வந்தவள்

இனி இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவளின் இசைவோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில் ஆறாம் ஆண்டு வரை பயின்ற மாணவி அவள். தாயார் பால்மரம் வெட்டியவர். மிகுந்த துன்பத்திற்கிடையே மகளைப் படிக்க வைத்தார். எஸ்.பி.எம். தேர்வில் சிறந்த தேர்ச்சி பெற்றவள், உறவினர் உதவியோடும் கடனோடும் மெல்பர்னில் கணக்கியல் படிக்கச் சென்றாள். நான் வந்திருப்பதை அறிந்து, தான் வேலை செய்யும் ஜப்பானிய உணவகத்திற்கு அழைத்திருந்தாள்.

ராமென் உண்டு முடிக்கும் வேளையில் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். மேலங்கி நனைந்திருந்தது. விரல் நுனிகள் நீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. எதிரே அமர்ந்ததும் அவள் சொன்ன முதல் செய்தி இதுதான்: “டீச்சர், நான் இங்க வேலை செய்யறத அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

ஓர் அலுவலகத்தில் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுவதாகத் தாயாரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தாயார் பள்ளிக்கு வந்து, மகளை அருகில் வைத்துக்கொண்டு, மேசை துடைக்கும் வாக்கியத்தைச் சொன்னது என் நினைவில் இருந்தது. அவள் நினைவிலும் இருந்திருக்கிறது.

பிறகு அவள் கூறியதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. 2023 ஜூலையில் வந்து சேர்ந்ததும் புறநகர் ஒன்றில் வேறோர் ஜப்பானிய உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மணிக்கு 14 டாலர். ரொக்கமாகக் கொடுத்திருக்கின்றனர். ஊதியச் சீட்டு கிடையாது. அப்போது சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 23.23 டாலர். வாரம் இருபது மணி நேரம் வீதம் ஒன்பது மாதங்கள் உழைத்திருக்கிறாள். நான் மேசை மீதிருந்த காகிதத்தில் கணக்கிட்டேன். 25 விழுக்காட்டுக் கூடுதலைச் சேர்க்காமலேயே ஏறத்தாழ ஏழாயிரம் டாலர் அவள் கைக்கு வராமல் போயிருக்கிறது. தாயாருக்கு அது ஓராண்டு உழைப்பு.

“யாரிடமாவது முறையிட்டாயா?” என்று கேட்டேன்.

“யார்கிட்ட சொல்றது டீச்சர்? வேலை செய்யறதே வீட்டுக்குத் தெரியாது. சம்பளம் கொறைச்சுத் தர்றாங்கன்னு எப்படிச் சொல்வேன்?”

அன்பர்களே, இந்தப் பதிலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். அவளை ஏமாற்றியவர் கடைக்காரர். அதில் ஐயமில்லை. ஆனால், ஏமாற்றப்படுவதை வெளியே சொல்லவிடாமல் அவள் வாயைக் கட்டியது எது? வெட்கம். செய்யும் வேலை இழிவானது என்ற எண்ணம் எங்கே குடியிருக்கிறதோ, அங்கே அந்த வேலைக்குரிய கூலியைக் கேட்கும் துணிவு குடியிருப்பதில்லை. இழிவான வேலைக்கு இவ்வளவு கொடுத்ததே பெரிது என்று மனம் அடங்கிவிடுகிறது. சுரண்டுபவருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அவளை அங்கிருந்து வெளியே கொண்டு வந்தவள் உடன் பயின்ற மலேசியச் சீன மாணவி. அவள் தந்தை நம் நாட்டில் காப்பிக்கடை நடத்துபவராம். கடை வேலையில் அவளுக்கு வெட்கமில்லை. “ஊதியச் சீட்டு எங்கே?” என்பதே அவள் கேட்ட முதல் கேள்வி. இப்போதைய உணவகத்தில் வேலை வாங்கித் தந்தவளும் அவளே. இங்கே சட்டப்படியான ஊதியம் உண்டு, சீட்டும் உண்டு. வேலை முடிந்ததும் பணியாளர்கள் ஒன்றாக அமர்ந்து உண்ணும் உணவும் உண்டு. ‘மக்கனாய்’ என்பார்களாம்.

“நான் உன் அம்மாவிடம் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியவள் நீ” என்று கூறிவிட்டு வந்தேன்.

நான் நாடு திரும்புவதற்கு இரு நாள்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தாள். தாயாரிடம் சொல்லிவிட்டாளாம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லையாம். பிறகு அந்த அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “அங்க உனக்குச் சோறு போடுறாங்களா?”

பழைய கடையில் வேலை செய்த நாள்களையும் நேரங்களையும் அவள் கைப்பேசியில் குறித்து வைத்திருந்தாள். அவற்றோடு அந்நாட்டின் நியாய வேலை விசாரணை அலுவலகமான ‘ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மனி’டம் முறையிட்டிருக்கிறாள். பணம் கிடைக்குமா என்பது போகப் போகத் தெரியும்.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவை

பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியுள்ள, அனுப்ப எண்ணியுள்ள பெற்றோருக்காகச் சில செய்திகளைத் தொகுத்துத் தருகிறேன்.

1. மாணவர் விசாவில் இருப்பவருக்கும் அந்நாட்டுக் குடிமகனுக்கும் குறைந்தபட்ச ஊதியம் ஒன்றே. ரொக்கமாகக் கொடுத்தாலும் சட்டத்தின் அளவு குறையாது.

2. ஊதியம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் ஊதியச் சீட்டு தர வேண்டும் என்பது சட்டம்.

3. 2023 ஜூலை 1 முதல், கல்வித் தவணைக் காலத்தில் மாணவர்கள் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது.

4. கொடுக்கப்படாத ஊதியத்தை ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கேட்கலாம். ஆகவே, வேலை செய்த நாளையும் நேரத்தையும் அன்றன்றே குறித்து வைப்பது நன்று.

5. வேண்டுமென்றே ஊதியத்தைக் குறைத்துக் கொடுப்பது 2025 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் குற்றவியல் குற்றமாகியுள்ளது.

இவை வெறும் ஏட்டுச் சட்டங்களல்ல. 2024 ஆகஸ்டு மாதத்தில் சுசி உணவகக் குழுமம் ஒன்றுக்கும் அதன் உரிமையாளருக்கும் கூட்டரசு நீதிமன்றம் ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல் அபராதம் விதித்தது. 163 பணியாளர்களின் ஊதியத்தைக் குறைத்துக் கொடுத்த வழக்கு அது. அவர்களுள் பெரும்பாலோர் விசாவில் வந்திருந்த இளைஞர்கள்.

நம் மேசையில்

தொலைவில் உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு, அருகில் உள்ளவர்களை மறந்துவிடலாகாது. நம் உணவகங்களில் தட்டு ஏந்துவோர் யார்? தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பலர். ஊரில் கடன் வாங்கி வந்தவர்கள். அவர்களுக்கும் ஊரில் ஒரு தாய் இருக்கிறார். அந்தத் தாயிடமும் அவர்கள் எதையெதையோ மறைத்துப் பேசுகின்றனர். அவர்களை நாம் எப்படி அழைக்கிறோம்? விரலைச் சொடுக்குகிறோம். “டேய்” என்கிறோம். உடன் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர். மெல்பர்னில் நம் பிள்ளையை ஒருவர் விரல் சொடுக்கி அழைத்தால் நம் நெஞ்சு பொறுக்குமா?

ஆகவே, சில எளிய செயல்களை முன்வைக்கிறேன்.

உணவகத்தில் பிள்ளையே தனக்கு வேண்டியதைக் கேட்கட்டும். ‘அண்ணா’, ‘அக்கா’ என்று அழைத்துக் கேட்கட்டும். உணவு வந்ததும் நன்றி சொல்லட்டும். தமிழில் சொன்னால் இன்னும் நன்று. தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்த இளைஞருக்கு அச்சொல் எவ்வளவு இனிக்கும்!

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மாணவர்கள் முறை வைத்து மேசை துடைக்கட்டும். தண்டனையாக அன்று, கடமையாக. தாமதமாக வந்தவனையும் வீட்டுப்பாடம் செய்யாதவனையும் மேசை துடைக்க அனுப்பும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதை நிறுத்துவோம். வேலையைத் தண்டனையாக்கினால், அதைச் செய்பவர் குற்றவாளியாகத் தெரிவார். வகுப்புத் தலைவனும் சிறந்த மாணவியும் முதல் வாரம் துடைக்கட்டும்.

கணிதப் பாடத்தில் ஊதியக் கணக்கும் இடம்பெறட்டும். மணிக்கு இவ்வளவு, வாரம் இத்தனை மணி நேரம், கைக்கு வந்தது இவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு? ஐந்தாம் ஆண்டு மாணவனால் போட முடிந்த கணக்குத்தான் இது. அந்தக் கணக்கைத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

வெளிநாட்டில் பயிலும் பிள்ளையிடம் பேசும்போது, “என்ன வேலை?” என்பதோடு நிறுத்தாமல், “ஊதியச் சீட்டு கொடுக்கிறார்களா? ஓய்வு உண்டா? சாப்பிட்டாயா?” என்றும் கேளுங்கள். எந்த வேலையாக இருந்தாலும் உங்களிடம் சொல்லலாம் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வேண்டும். கடல் கடந்து வாழும் பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடிய பாதுகாப்புகளில் அதுவே தலையாயது.

“அப்படியானால், பிள்ளைகள் எல்லாரும் மேசை துடைக்கப் போகட்டும் என்கிறீர்களா?” என்று யாரேனும் வினவலாம். இல்லை. நன்றாகப் படிக்கட்டும். மருத்துவராகட்டும், பொறியியலாளராகட்டும், ஆசிரியராகட்டும். படிக்க வேண்டியதற்கு ஆயிரம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. இன்னொருவரின் உழைப்பை இழித்துக் காட்டித்தான் பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்ற நிலையில் நம் கல்வி இல்லை.

புதிய பள்ளித் தவணையில் சிற்றுண்டிச்சாலைப் பணி முறையை என் வகுப்பில் தொடங்க எண்ணியுள்ளேன். முதல் வாரப் பட்டியலில் மாணவர் ஐவரின் பெயரோடு என் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன். தங்கள் பள்ளியில் இத்தகைய முறை முன்பே இருந்தால், அஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை ஆசிரிய நண்பர்கள் அறியத் தந்தால் மகிழ்வேன்.